நரம்பு நோய் ஆய்வும் மருத்துவக் கல்வியும்: கிள்ளான் பள்ளத்தாக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் நரம்பு நோய் பற்றிய மருத்துவ ஆய்வு பெரிபெரியில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் இந்நோய் பெருந்தொகையானோரை முடக்கியது. முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்காலை அழுத்தினால் தாங்க முடியாத வலி எடுக்கும். குந்தி உட்கார்ந்தவரால் கை ஊன்றாமல் எழ முடியாது. இதயத்தையும் தாக்கினால் உடல் வீங்கி உயிர் பிரியும்.

1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்துக்குப் பெரிபெரியின் காரணத்தைக் கண்டறிவது முதன்மைப் பணிகளுள் ஒன்றாக இருந்தது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இதைத் தொற்றுநோய் என்றே கருதினார். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடனின் கவனம் சோற்றின் மேல் சென்றது. சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நோயுற்றனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் நோய் அரிதாகவே காணப்பட்டது. காஜாங் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் ரப்பர் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கு வந்த தமிழர்கள் ஊர்ப் பழக்கப்படி உண்ட அரிசிதான் அவர்களின் நரம்புகளைக் காத்தது. பழைய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் தந்த விளக்கம் தவறு. ஆனால் அவர் கண்ட வேறுபாடு உண்மை.

அதைச் சோதித்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கட்டடத்தில் சயாம் அரிசியோடும், இரட்டைப்படை எண்ணினர் அதேபோன்ற மற்றொரு கட்டடத்தில் புழுங்கலரிசியோடும் வைக்கப்பட்டனர். மற்ற உணவில் வேறுபாடு இல்லை. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கலாம் என்ற ஐயத்தை நீக்க, இடையில் இரு பிரிவினரும் இடம் மாற்றப்பட்டனர். 1906 இறுதிக்குள் சயாம் அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இருவருக்கு மட்டுமே. அவர்களும் அந்நோயோடு வந்து சேர்ந்தவர்கள். இப்பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வு, ஒப்பீட்டு மருத்துவச் சோதனைகளின் வரலாற்றில் முக்கியமான ஒன்று. ஆனால் அந்த 18 பேரும் சம்மதமோ மறுப்போ சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். ஆய்வின் சிறப்பைப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட சாவகத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியை மீண்டும் எடுத்தனர். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நோய் தடுக்கும் பொருள் போய்விடுகிறது என்று 1909க்குள் நிறுவினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அப்பொருள் அரிசிமணிக்குள் இறங்கித் தங்குவதே புழுங்கலரிசியின் பாதுகாப்பு. அது தயாமின் எனும் பி1 வைட்டமின். 1926இல் சாவாவில் யான்சனும் டோனத்தும் அதைத் தூய வடிவில் பிரித்தனர். 1936இல் செயற்கையாகத் தயாரிக்கும் வழி பிறந்தது.

இந்த ஆய்வுகள் நடந்தபோது மலாயாவில் மருத்துவம் கற்க விரும்பியவர்களுக்கு இருந்தது 1905இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட பள்ளி மட்டுமே. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் 1960களின் தொடக்கத்தில்தான் உருவானது. அதன் முதல் தலைவர் டி. ஜே. தனராஜ். புலத்தின் நூலகம் அவர் பெயரைத் தாங்குகிறது. 1973இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியது. காஜாங்கை அடுத்த சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் இயங்குகிறது.

இன்றைய மாணவர் அதிகம் சந்திக்கும் நரம்பு வலி, நீரிழிவால் வரும் பாத எரிச்சல். அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகபாலின் போன்ற மருந்துகள் வலியைத் தணிக்கின்றன. சேதமடைந்த நரம்பைச் சீராக்குவதில்லை. செம்பனை எண்ணெயில் உள்ள டோக்கோட்ரையினால் எனும் பொருள் நீரிழிவால் வரும் இந்த நரம்பு நோய்க்கு உதவுமா என்று மலேசியாவில் 300 நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்த முடிவு 2018இல் வெளியானது. போலி மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட்டபோது மொத்த அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. உள்நாட்டு விளைபொருள் ஒன்றைப் பற்றிய இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

இப்போது இத்தகைய சோதனையில் சேருமுன் நோயாளியிடம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மருத்துவ மாணவர்கள் இவ்விதிகளைக் கற்பதோடு, நோயாளியின் படுக்கையருகே 10 கிராம் நைலான் இழையால் பாதத்தின் தொடு உணர்வையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அதிர்வுணர்வையும், சுத்தியலால் கணுக்கால் அனிச்சையையும் சோதிக்கப் பழகுகிறார்கள்.