காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் வண்டல் இருவாட்டி மண்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் ஜீலம் ஆறும் அதன் துணையாறுகளும் கொண்டுவந்து சேர்த்த மண், வண்டல் இருவாட்டி மண் ஆகும். மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் அளவாகக் கலந்த மண்ணே இருவாட்டி மண் எனப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், ஆண்டில் சில மாதங்கள் பனி மூடிக்கிடக்கும் இப்பகுதியில் நெல் விளைவதற்கு இம்மண்ணே அடிப்படை. எனினும் மண் வளமாக இருந்த காலத்திலும் இங்கே பஞ்சம் வந்ததுண்டு. நீரை முறைப்படுத்தி, உழவரின் தேவையறிந்து ஆட்சி நடந்தபோதுதான் மண்ணின் வளம் மக்களுக்குச் சோறாக மாறியது என்பதை இப்பள்ளத்தாக்கின் வரலாறு காட்டுகிறது.

மண்ணின் அமைப்பு

மண் துகள்களில் பெரியது மணல். அதைவிட நுண்ணியது வண்டல். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள் களி. மணல் மிகுந்தால் நீர் தங்காது. களி மிகுந்தால் நீர் வடியாது. இருவாட்டி மண்ணில் மணல் காற்றோட்டத்துக்கு வழிசெய்கிறது; வண்டல் ஈரத்தைத் தாங்கிப் பயிருக்குத் தருகிறது; களி ஊட்டச்சத்துகளைப் பற்றி வைத்துக்கொள்கிறது. களி 7 முதல் 27 விழுக்காடும், வண்டல் 28 முதல் 50 விழுக்காடும், எஞ்சியது மணலுமாக உள்ள மண்ணை இன்றைய மண்ணியலார் இவ்வகையில் சேர்க்கின்றனர்.

பள்ளத்தாக்கு உருவான விதம்

வடகிழக்கே பேரிமயமும் தென்மேற்கே பீர் பஞ்சால் மலைத்தொடரும் சூழ்ந்த கிண்ணம் போன்றது காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. பீர் பஞ்சால் உயர்ந்தெழுந்தபோது ஆறுகளின் போக்கு தடைப்பட்டு, இங்கே பெரிய ஏரி உருவானது. அந்த ஏரிப் படிவுகளே இன்று கரேவா எனப்படும் மேட்டுநிலங்கள். பாம்பூரின் குங்குமப்பூ வயல்கள் அம்மேடுகளில்தான் உள்ளன.

பின்னர் பாரமுல்லா மலையிடுக்கு வழியாக நீர் வடிந்தது. வடிந்த தளத்தில் ஜீலம் வளைந்து வளைந்து மெல்ல ஓடத் தொடங்கியது. மலைச்சரிவில் விரைந்து வரும் ஓடைகள் சமநிலத்தை அடைந்ததும் வேகம் குறைகின்றன. அப்போது பருமனான மணல் முதலில் படிகிறது. நுண்ணிய வண்டலும் களியும் அப்பால் சென்று படிகின்றன. இதனால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலேயே மண்ணின் தன்மை மாறுவதுண்டு.

குளிரின் பங்கு

குளிரில் நுண்ணுயிர்களின் செயல் மந்தமாகும். ஆகவே இலை, வேர், சாணம் ஆகியவை வெப்பநாட்டு மண்ணில் போல விரைவில் சிதைந்து அழிவதில்லை. மட்கு மண்ணில் நெடுநாள் தங்குகிறது. மண்ணிலுள்ள நீர் உறையும்போது விரிந்து, உருகும்போது சுருங்குவதால் கட்டிகள் உடைந்து பொலபொலப்பாகின்றன. டிசம்பர் 21 அளவில் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் சில்லை கலான் என்ற கடுங்குளிர்ப் பருவத்தில் மலைகளில் சேரும் பனியே கோடையில் ஓடைகளுக்கு நீர் தருகிறது.

குளிரால் இடையூறும் உண்டு. நெல் ஆண்டுக்கு ஒரு போகமே விளையும். வசந்தத்தில் விதைத்து, இலையுதிர் பருவத்தில் குளிர் முற்றுமுன் அறுத்தாக வேண்டும். அந்த ஒரு போகம் தவறினால் அடுத்த அறுவடை வரை மக்கள் காத்திருக்க நேரும்.

சுய்யாவின் மண் சோதனை

அவந்திவர்மன் என்ற அரசன் கி.பி. 855 முதல் 883 வரை காஷ்மீரை ஆண்டான். அவன் காலத்துப் பொறியாளர் சுய்யா. கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ராஜதரங்கிணி இவர் பணிகளை விரிவாகக் கூறுகிறது.

பாரமுல்லா அருகே பாறைகள் சரிந்து விதஸ்தா, அதாவது ஜீலம், அடைபட்டிருந்தது. வெள்ளநீர் வடியாமல் வயல்கள் மூழ்கின. சுய்யா ஆற்றில் காசுகளை எறிந்ததாகவும், பசியால் வாடிய மக்கள் அவற்றைத் தேடிப் பாறைகளை அகற்றியதாகவும் கல்ஹணர் சொல்கிறார். பின்னர் ஆற்றைக் கல்லணையால் ஏழு நாள் தடுத்து, அடிப்பகுதியைத் தூர்வாரி, கரைக்குச் சுவர் எழுப்பி, அணையைத் திறந்துவிட்டார். நீர் வடிந்த இடங்களில் வட்டக் கரைகள் சூழப் புதிய ஊர்கள் தோன்றின.

காசு எறிந்த கதை பலரும் அறிந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதே நூலில் உள்ளது. சுய்யா ஒவ்வோர் ஊரின் மண்ணையும் எடுத்து, நனைத்த மண் உலர எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார். அதற்கேற்ப எந்த ஊருக்கு எவ்வளவு இடைவெளியில் தண்ணீர் விடவேண்டும் என்று நிர்ணயித்து, வாய்க்கால்களின் அளவையும் வகுத்தார். மணற்பாங்கான மண் விரைவில் உலரும், களிமண் தாமதமாக உலரும், இருவாட்டி இடைப்பட்டது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் மண்ணின் இழையமைப்பை அறிய இது எளிய, சரியான வழி.

இதன் பயனையும் கல்ஹணர் குறிப்பிடுகிறார். முன்பு ஒரு காரி அளவு நெல் 200 தீன்னாரம் விற்றது. பின்னர் 36 தீன்னாரத்துக்கு இறங்கியது. சுய்யாவின் பெயரால் அமைந்த சுய்யபுரமே இன்றைய சோபோர் நகரம்.

உழவர் வகுத்த நான்கு மண்

1889 முதல் நிலவரித் திட்டப் பணியை நடத்திய வால்டர் லாரன்ஸ், 1895இல் வெளியிட்ட காஷ்மீர் பற்றிய நூலில் உழவர்கள் வகுத்த நான்கு நெல்வயல் மண்களைப் பதிவு செய்துள்ளார்.

1. குர்ட்டி: களி மிகுந்தது. நீரைத் தாங்கும், மழை குறைந்த ஆண்டில் நம்பத்தக்கது. மழை மிகுந்தால் இறுகிவிடும்.
2. பாஹில்: இயல்பிலேயே வளம் மிக்க இருவாட்டி. எருவை அளவுக்கு மீறி இட்டால் பயிர் தழைத்துத் தாளாகிவிடும், மணி குறையும்.
3. சேகில்: அடியில் மணல் உள்ள இளகிய இருவாட்டி. பாசனம் போதுமானால் நல்ல விளைச்சல் தரும்.
4. தசன்லாத்: பெரும்பாலும் சதுப்பை ஒட்டிய தாழ்நில மண். பயிர் வேகமாக வளர்ந்தால் நீரை வடித்துவிட வேண்டும்.

நான்கு விளக்கங்களிலும் மண்ணோடு நீரோ எருவோ சேர்த்தே பேசப்படுவதைக் காணலாம். வாய்க்கால் ஓரங்களில் வண்டல் படிந்த புல்கட்டிகளை வெட்டி வயலில் இடும் பழக்கமும், எருக்களில் ஆட்டெருவை உயர்வாக மதித்ததும் அந்நூலில் காணப்படுகின்றன.

1877ஆம் ஆண்டுப் பஞ்சம்

இத்தகைய மண் இருந்தும் 1877 முதல் 1879 வரை கொடும் பஞ்சம் நிலவியது. 1877 அறுவடைக் காலத்தில் இடைவிடாது மழை பெய்தது. அக்காலத்தில் வரி தானியமாகவே பெறப்பட்டது. அரசின் பங்கை அலுவலர்கள் மதிப்பிடும் வரை உழவர் கதிரை அறுக்க முடியாது. காத்திருந்த கதிர்கள் நனைந்து அழுகின. பெருந்திரளான மக்கள் மாண்டனர். சுய்யாவின் காலத்தில் ஆட்சி மண்ணை அளந்து நீர் கொடுத்தது. 1877இல் விளைச்சலை அளப்பதற்காக அறுவடையை நிறுத்தியது. பின்னர் வந்த லாரன்ஸின் திட்டத்தில், மண்ணின் தரமும் பாசனமும் கருதி வரி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது.

வெள்ளமும் இன்றைய நிலையும்

வண்டலைக் கொண்டுவரும் வெள்ளமே பயிரையும் வீடுகளையும் அழிக்கிறது. 1893, 1903 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளங்கள் வந்தன. 1903க்குப் பின் ஸ்ரீநகரைச் சுற்றி வெள்ளநீரைக் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டப்பட்டது. பாரமுல்லா அருகே ஆறு தூர்வாரப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுய்யா செய்த பணியின் தொடர்ச்சியே இது.

2014 செப்டம்பரில் ஸ்ரீநகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. வெள்ளநீரை ஏற்றுத் தேக்கும் சதுப்புகள் சுருங்கியதும், தாழ்நிலங்களில் கட்டடங்கள் பெருகியதும் சேதத்தை மிகுதியாக்கின. நெல்வயல்கள் ஆப்பிள் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறி வருகின்றன. தோட்டமானால் மண்ணாவது எஞ்சும். கட்டடத்தின் கீழ்ப்போன வயல் எளிதில் மீளாது. பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறு சேர்த்த மண்ணைக் காப்பது, ஆற்றுக்கு உரிய வழியை விடுவதோடு இணைந்த பணியாகும்.