வன்னியின் முதியோரும் கையடக்கத் தொலைபேசியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கையடக்கத் தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிது. சந்தையில் மரக்கறி விற்கும் மூதாட்டியின் மடியிலும், பள்ளிவாசலுக்கு வரும் பெரியவரின் சட்டைப்பையிலும் அது இருக்கின்றது. எனவே, முதியவர்களிடம் தொலைபேசி இருக்கின்றதா என்பது இப்போது பெரிய கேள்வியல்ல. அதைக் கொண்டு அவர்களால் தாமாக எதைச் செய்ய முடிகின்றது என்பதே கேள்வி. அரச கொடுப்பனவு முதல் அவசர மருத்துவ உதவி வரை ஒவ்வொன்றாகத் தொலைபேசியுடன் பிணைக்கப்பட்டு வரும் இக்காலத்தில், இக்கேள்விக்கான விடை ஒரு முதியவரின் உணவையும் உயிரையும் தொடுவதாகும்.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டிலேயே செல்டெல் நிறுவனத்தினால் ஆரம்பிக்கப்பட்டது. தெற்காசியாவில் இச்சேவையை முதலில் பெற்ற நாடு இலங்கை எனப் பெருமையாகக் கூறப்படுவதுண்டு. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டில் மீண்டும் மூண்ட போர், வன்னியின் பெரும்பகுதியை அந்த வளர்ச்சியிலிருந்து துண்டித்துவிட்டது. மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் அற்ற கிராமங்களுக்குக் கடிதமே துணையாயிற்று. பிரிந்த குடும்பங்களின் செய்திகளைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு எடுத்துச் சென்று கொடுத்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய தாய், அனுமதி பெற்று வவுனியா நகருக்கு வந்து, தொலைத்தொடர்பு நிலையமொன்றில் குறித்த நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது போக்குவரத்து இலகுவாயிற்று. 2006 ஓகஸ்டில் அப்பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிவடைந்து, மக்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் அடைபட்டிருந்து, பின்னர் படிப்படியாக ஊர் திரும்பியபோதுதான் வன்னியின் உட்கிராமங்களில் தொலைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழுந்தன. இன்று 75 வதாகும் ஒருவர் அறுபதை அண்மித்த வேளையில்தான் இக்கருவி அவர் கைக்கு எட்டியது. கொழும்பில் அதே வயதுடைய ஒருவர் அதனுடன் பழகிய காலத்தின் அரைப்பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை. வன்னி முதியோரின் தயக்கத்தை அறியாமை என்று சுருக்கிவிடுவது நியாயமன்று.

இம்முதியோர் தொலைபேசியைப் பெரும்பாலும் குரல் கேட்கவே பயன்படுத்துகின்றனர். வரும் அழைப்பை எடுப்பது, பிள்ளைக்கு மிஸ்ட் கோல் கொடுத்து மறு அழைப்புக்குக் காத்திருப்பது, மரணச் செய்தி, திருமணச் செய்தி அறிவது ஆகியவை அன்றாடப் பயன்பாடுகள். மின்விளக்கு இல்லாத ஒழுங்கைகளில் பாம்புக்கு அஞ்சி நடக்கும் முதியவருக்கு அதிலுள்ள ரோர்ச் வெளிச்சமும் பெரும் உதவி. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ உள்ள பேரப்பிள்ளைகளை வட்ஸ்அப், இமோ ஊடாகத் திரையில் காண்பதும் வழமையாகிவிட்டது. ஆனால் அந்த அழைப்பை ஏற்படுத்தித் தருபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள இளையவரே. அவர் பாடசாலைக்கோ வேலைக்கோ சென்றுவிட்டால், பெறுமதியான அக்கருவி மேசையில் சும்மா கிடக்கும்.

வன்னியின் முஸ்லிம் முதியோருக்கு இத்தொடர்பு இன்னுமொரு வகையில் முக்கியமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களின் மக்களும் புத்தளம் உள்ளிட்ட பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 2009இன் பின்னர் மீள்குடியேற்றம் தொடங்கியபோது, பூர்வீகக் காணியை விட மனமில்லாத பெரியவர்கள் ஊர் திரும்ப, தொழிலும் பிள்ளைகளின் கல்வியும் காரணமாக மகனும் மகளும் புத்தளத்திலேயே தங்கிய குடும்பங்கள் பல. ஒரே குடும்பம் ஈரூர்களில் வாழும் இந்நிலையில், உம்மாவின் சுகம் விசாரிப்பதும், வாப்பாவின் மருந்து தீர்ந்துவிட்டதா எனக் கேட்பதும் தொலைபேசியில்தான். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தீர்மானிக்கப்படும் பிறைச் செய்தியும் இன்று அதே கருவியில்தான் முதலில் வந்து சேர்கின்றது.

இவ்வளவு இருந்தும், முதியோரின் தொலைபேசிப் பயன்பாடு பற்றிய தெளிவான கணக்கு நம்மிடம் இல்லை. லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் 2018இல் இலங்கையில் நடத்திய ஆய்வின்படி, 78 சதவீதத்தினர் சொந்தமாகக் கையடக்கத் தொலைபேசி வைத்திருந்தனர். இணையத்தைப் பயன்படுத்தியோர் 37 சதவீதம். ஆனால் அவ்வாய்வு 15 முதல் 65 வயது வரையானோரையே உள்ளடக்கியது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி அறிவு பற்றிய அளவீடும் 5 முதல் 69 வயது வரையானோருடன் நின்றுவிடுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் இப்பங்கு மேலும் உயர்ந்துள்ளது. கணக்கில் சேராதவர்கள் திட்டத்திலும் சேர்வதில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முதியோர் எதிர்நோக்கும் தடைகள் பல. கண்ணில் வெண்படலம் படர்ந்தவருக்குச் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. செவிப்புலன் குறைந்தவருக்கு மணியோசை கேட்பதில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் தொடுதிரையில் சரியாகப் பதிவதில்லை. இவற்றுடன் மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கின்றது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் குறுந்தகவல்களைப் பிரித்தறிய இயலாமல், வந்தவை அனைத்தையும் அழித்துவிடுவோர் உண்டு. தொழினுட்பத்திலும் ஒரு பாரபட்சம் பொதிந்துள்ளது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுந்தகவல் 160 எழுத்துருக்களைக் கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அந்த 70உம் விரைவில் தீர்ந்துவிடும். ஒரே செய்தியைத் தமிழில் அனுப்பக் கூடுதல் செலவாகும் என்பதால், அனுப்புவோர் தமிழைத் தவிர்ப்பது இலகுவாகிவிடுகின்றது.

இதன் விளைவு அரச சேவைகளில் தெரிகின்றது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இணையவழியில் ஏற்கப்பட்டன. தொலைபேசியில் இலக்கம் அழுத்துவதற்கே சிரமப்படும் ஒருவர் இதனைத் தாமாகச் செய்வது எவ்வாறு? பலருடைய விண்ணப்பங்களில் மகனின் இலக்கமோ அயலவரின் இலக்கமோதான் இருக்கும். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் அங்கேதான் செல்லும். அவ்விலக்கம் மாறிவிட்டாலோ, அவர் வெளிநாடு சென்றுவிட்டாலோ, முதியவருக்கு வரவேண்டிய தகவல் வந்து சேராது. தமது பணத்தின் சாவி பிறர் கையில் இருப்பதைப் பலர் உணர்வதுமில்லை.

அவசர நோயாளர் காவு வண்டிச் சேவையான 1990 சுவசெரிய, 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தொடக்கிவைக்கப்பட்டு வடக்குக்கு விரிவடைந்தது. இது முற்றிலும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஆயினும் அழைத்தவர் தாம் இருக்குமிடத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டிலக்கமோ வீதிப்பெயரோ பழக்கத்தில் இல்லாத குடியிருப்புகளில், நெஞ்சுவலியுடன் தனித்திருக்கும் முதியவர் வழி சொல்வது கடினம். இலக்கம் தெரிந்திருப்பது மட்டும் போதாது. சொல்ல வேண்டியதும் முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

மோசடி மற்றொரு ஆபத்து. பரிசு விழுந்துள்ளதாகக் கூறி இரகசிய இலக்கம் கேட்போர் எங்கும் உள்ளனர். வன்னியிலோ அதைவிடக் கொடியது ஒன்று நடந்திருக்கின்றது. காணாமல் ஆக்கப்பட்ட மகன் இன்ன முகாமில் இருப்பதாகவும், பணம் தந்தால் பேச வைப்பதாகவும் கூறிப் பெற்றோரை ஏமாற்றியவர்கள் உள்ளனர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்களுள் முதிய தாய்மாரே பலர். அறியாத இலக்கத்திலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்பிலும் நம்பிக்கை வைக்கும் தாயை, அந்த நம்பிக்கையைக் கொண்டே கொள்ளையிடுவது எத்தகைய கொடுமை!

அனர்த்த காலங்களிலும் இதே பலவீனம் வெளிப்படுகின்றது. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெரிதும் பாதித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பல பகுதிகளில் தொலைத்தொடர்பே துண்டிக்கப்பட்டது. தமிழில் எச்சரிக்கைகள் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. வாசிக்க இயலாத முதியவருக்குக் குறுந்தகவலைவிடத் தமிழ்க் குரல் அழைப்பே பயன்தரும். கோபுரம் செயலிழக்கும்போது கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளே மிஞ்சும். இவ்விரண்டையும் இணைத்தே திட்டமிட வேண்டும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கோருபவையல்ல. ஒவ்வொரு வீட்டிலும் 1990, 119 ஆகிய இலக்கங்களையும், கிராம அலுவலர் பிரிவையும், வீட்டுக்கு வரும் வழியின் அடையாளங்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். முக்கியமான மூன்று நான்கு உறவினரை ஒரே பொத்தானில் அழைக்கும் வகையில் தொலைபேசியை அமைத்துக் கொடுக்கலாம். இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லலாகாது என்பதைப் பேரப்பிள்ளைகள் திரும்பத் திரும்ப எடுத்துரைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வந்த முதியோருக்கான தேசிய செயலகமும், கிராமங்களிலுள்ள முதியோர் சங்கங்களும் மாதமொருமுறை இப்பயிற்சியை நடத்தலாம். தொலைபேசி நிறுவனங்கள் முக்கிய அறிவித்தல்களைத் தமிழ்க் குரலில் வழங்க வேண்டும். பிரதேச செயலகங்களில் முதியோருக்கான நேரடிக் கருமபீடம் எக்காரணம் கொண்டும் மூடப்படலாகாது. தொலைபேசியைப் பயன்படுத்த முடியாதவருக்கும் உரிமை உரிமையே.

போரில் பிள்ளைகளையும் வீடுகளையும் இழந்து, வெறுங்கையுடன் ஊர் திரும்பி மீண்டும் காடு வெட்டிக் குடியிருப்பு அமைத்தவர்கள் இந்த முதியவர்கள். இதுவரை குரல் கேட்பதற்கு மட்டும் உதவிய கருவி, தமக்குரியதைக் கேட்டுப் பெறுவதற்கும் அவர்களுக்கு உதவ வேண்டும். அதற்கு வழிசெய்வது குடும்பத்தினதும் சமூகத்தினதும் அரசினதும் பொறுப்பாகும்.