குண்டு போட்டுப் பார்த்த வரைபடம்

ஒரு தேசத்தின் தகவல் தொடர்பு வலை மொத்தத்தையும் ஒரு மனிதர் திரும்பத் திரும்ப குண்டு போட்டுத் தகர்த்துக்கொண்டிருந்தார். ஓர் எறும்புகூடச் சாகவில்லை. ஏனெனில், அந்த வலை கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

வருஷம் 1960ஐ ஒட்டி. இடம், கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் உள்ள ராண்ட் கார்ப்பரேஷன். அமெரிக்க விமானப்படைக்கு யோசித்துக் கொடுப்பதுதான் அவர்களுக்கு முக்கியத் தொழில். மனிதர் பெயர் பால் பாரன். போலந்தில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். மளிகைக் கடைக்காரரின் பிள்ளை.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. குண்டு விழுமா விழாதா என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. பாரனின் கவலை வேறு. விழுந்த பிறகு யார் யாரோடு பேச முடியும்?

காரணம் இருந்தது. அன்றைக்கு அமெரிக்காவின் நெடுந்தூரத் தொலைபேசி என்றால் ஏ.டி. அண்ட் டி. கம்பெனிதான். அழைப்புகள் எல்லாம் சில பெரிய இணைப்பகங்கள் வழியாகத்தான் போயாகவேண்டும். அந்தச் சிலவற்றை அடித்துவிட்டால் போதும். குண்டே விழாத ஊர்கூட ஊமையாகிவிடும்.

இதில் இன்னொரு பயங்கரமும் உண்டு. முதல் அடியிலேயே நம் போன் செத்துவிடும் என்று பயப்படுகிற தேசம் என்ன செய்யும்? போன் உயிரோடு இருக்கும்போதே பட்டனை அமுக்கிவிடலாம் என்று நினைக்கும். ஆக, அடி வாங்கியும் பேசுகிற ஒரு வலை இருந்தால், யுத்தமே வராமல் போக வாய்ப்புண்டு. பாரன் யோசித்தது இப்படித்தான்.

சரி, எப்படிக் கட்டுவது? கட்டிவிட்டு குண்டு போட்டா பார்க்கமுடியும்?

பாரன் கம்ப்யூட்டருக்குள் கட்டினார். வரிசைக்கு 18 வீதம் 18 வரிசை. மொத்தம் 324 நிலையங்கள். பக்கத்து நிலையங்களோடு கோடு போட்டு இணைத்தார். பிறகு குலுக்கல் சீட்டு மாதிரி எண்களைப் பொறுக்கி, எந்தெந்த நிலையம் சாகவேண்டும் என்று தீர்மானித்தார். தகர்த்தார். உயிரோடு இருப்பவற்றில் எத்தனை நிலையங்கள் இன்னும் ஒரே கூட்டமாகத் தொடர்பில் இருக்கின்றன என்று எண்ணினார். மறுபடி கோடு, மறுபடி குண்டு.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். ஏனெனில், பாரன் கேட்டது ஒரு செலவுக் கேள்வி. கூடுதலாக எத்தனை கம்பி போட்டால் போதும்?

எல்லா நிலையங்களையும் ஒருவழியாக இணைக்கத் தேவையான குறைந்தபட்சக் கம்பியை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பங்கு மட்டும் போட்டால், நாலு குண்டுக்கே வலை துண்டு துண்டாகிவிடுகிறது. இரண்டு பங்கு போட்டால் தேவலாம். மூன்று பங்கு போட்டபோதுதான் அந்த ஆச்சரியம் நடந்தது. குண்டுக்குத் தப்பிய நிலையங்கள் அநேகமாக எல்லாமே ஒன்றோடொன்று பேசின. அதற்குமேல் கொட்டுகிற கம்பிக்குப் பெரிய லாபமில்லை.

அதாவது, அழியாத இணைப்பகம் என்று ஒன்றை யாரும் கட்டவேண்டாம். சாதாரண, மலிவான, அவ்வப்போது பழுதாகிற உபகரணங்களே போதும். வழிகள் மட்டும் மூன்று மடங்கு இருக்கட்டும்.

வழி இருந்தால் மட்டும் போதாதே, செய்திக்கு வழி தெரியவேண்டுமே? அதற்கும் ஓர் ஏற்பாடு. செய்தியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கு. கைக்கு வந்த துண்டை, சுட்ட உருளைக்கிழங்கு மாதிரி உடனே அடுத்தவன் கையில் தள்ளிவிடு. நல்ல வழி அடைத்திருந்தால், அதற்கடுத்த வழி. இந்த ஆட்டத்தை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி ஓட்டிக் காட்டியவர் ஷார்லா போம் என்ற பெண்மணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். 1964ல் வெளியான அந்த அறிக்கையில் அவர் பெயரும் உண்டு. வெகுகாலம் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பது தனிக்கதை.

தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? நடக்காது என்றார்கள். அவர்களது வலை எப்படி இயங்குகிறது என்று பாரனுக்கு வகுப்பே எடுத்தார்கள். மொத்தத்தையும் விளக்கி முடிக்க 94 பேர் பேசவேண்டியிருந்ததாகப் பாரன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விமானப்படைக்கு ஆசைதான். ஆனால், வேலை டிஜிட்டல் அனுபவமே இல்லாத வேறொரு அரசுப் பிரிவின் கைக்குப் போகவிருந்தது. அவர்கள் கட்டிக் கெடுப்பதைவிடக் கட்டாமலிருப்பதே மேல் என்று பாரனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

1969ல் நான்கு இடங்களை இணைத்துப் பிறந்த அர்ப்பாநெட், அணுகுண்டுக்குத் தப்புவதற்காகக் கட்டப்பட்டதல்ல. விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களைப் பகிர்ந்துகொள்ளத்தான் கட்டினார்கள். ஆனால், துண்டாக நறுக்கி அனுப்புகிற உத்தி அதே உத்திதான். இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் 1965ல் தனியாக அதே முடிவுக்கு வந்து, அந்தத் துண்டுக்கு பாக்கெட் என்று பெயரும் வைத்திருந்தார்.

இன்று நெட்வொர்க்கிங் படிக்கிற பிள்ளைகளிடம் பாக்கெட் ட்ரேசர் என்றொரு சாஃப்ட்வேர் இருக்கிறது. சிஸ்கோ கம்பெனியினுடையது. ரூட்டரை இழுத்து வை, கோடு போடு, ஓடவிடு. அதில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்றில் யார் யாரோடு இணைப்பு என்ற படம். மற்றதில் எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்த அலமாரி என்ற படம். பலருக்கு முதல் திரையே போதும். இரண்டாவதை எட்டிப் பார்ப்பதோடு சரி.

அங்கேதான் சிக்கல்.

2001 ஜூலை 18. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெருவுக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையில் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டு தீப்பிடித்தது. இன்டர்நெட் திணறியது. ரயிலுக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பல கம்பெனிகளின் கேபிள்கள் அந்த ஒரே சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. வரைபடத்தில் அவை வேறு வேறு கோடுகள். மண்ணுக்கடியில் ஒரே பொந்து.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2008 ஜனவரி 30ம் தேதி, எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்தன. ஒன்று, சென்னையிலும் மும்பையிலும் கரையேறுகிற சீ-மீ-வீ 4. மற்றது, ஃப்ளாக். இரண்டும் வெவ்வேறு கேபிள்கள். இருந்தும் இந்தியாவில் இன்டர்நெட் நொண்டியடித்தது. ஏனெனில் ஐரோப்பா போகிற பாதையில் இரண்டும் ஒரே வாசலில்தான் நுழைகின்றன.

பாரன் தன் கோடுகளை வரைபடத்தில் தள்ளித் தள்ளித்தான் போட்டிருந்தார். ஒரு குண்டு ஒரு நிலையத்தைத்தான் தின்னும் என்று வைத்துக்கொண்டால் அவர் கணக்கு சரி. மூன்று கோடும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், அது மூன்றல்ல, ஒன்று. காசு கொடுத்தது மட்டும் மூன்றுக்கு.

உங்கள் ஆபீசில் இரண்டு கம்பெனி இன்டர்நெட் இணைப்பு இருக்கிறதா? சந்தோஷம். இரண்டும் தெருவில் எந்தப் பள்ளத்தின் வழியாக உள்ளே வருகின்றன என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். குண்டெல்லாம் வேண்டாம். ரோடு தோண்ட ஒரு பொக்லைன் வந்தால் போதும்.