பையன்கள் சுமந்த கடன்

லண்டனில் கலை மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்திலேயே வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் எழுதிய புத்தகத்தை வாசிக்கச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர்கள். 1966இல் வெளிவந்த ஆய்வு. அவர்கள் சொன்னது எளிமையானது. நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கோவையை இன்றைக்கும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை நிமிடம் பிடித்ததோ அத்தனை நிமிடம் இன்றும் பிடிக்கும். ஆலையில் அப்படி இல்லை. அங்கே இயந்திரம் வர வர ஒரு தொழிலாளியின் உற்பத்தி கூடுகிறது, கூலியும் கூடுகிறது. அந்தக் கூலிக்கு ஈடாகக் கலைஞருக்கும் கொடுத்தால்தான் அவர் கலையில் இருப்பார். ஆகவே மேடைக் கலையின் செலவு ஆண்டுதோறும் ஏறும், டிக்கெட் வசூல் அதற்கு எட்டாது. இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும்: அரசு, அல்லது கொடையாளர்.

இந்த 'யாராவது' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பி.காம் முடித்து, சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்து, மயிலாப்பூர்ப் பக்கத்துச் சபாக்களின் ரசீதுகளைச் சரிபார்த்துப் பழகியவள் நான். பற்று என்று ஒன்று இருந்தால் வரவு எங்கிருந்து வந்தது என்று தேடுவது என் கைப்பழக்கம். லண்டன் வகுப்பில் பேராசிரியர் 1946இல் பிரிட்டனில் அரசுப் பணத்தில் பிறந்த ஆர்ட்ஸ் கவுன்சிலைப் பற்றியும், அதற்கு வழி வகுத்த பொருளியலாளர் கெயின்ஸைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மதுரையின் நாடகக் கம்பெனிகள் நினைவுக்கு வந்தன. சர்க்கார் உதவி ஒரு காசு இல்லாமல், ஐம்பது அறுபது பேரையும் வண்டி வண்டியாகச் சாமான்களையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன கம்பெனிகள். அவர்களுடைய இடைவெளியை யார் நிரப்பினார்கள்? என் ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் எனக்குக் கிடைக்கவில்லை. தன்வரலாறுகள் கிடைத்தன. அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை', பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' இரண்டையும் நடிப்பைப் பற்றிய நூல்களாகத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். பேனாவும் கட்டம் போட்ட தாளுமாக உட்கார்ந்தால் அவை நிர்வாக நூல்கள். தமிழில் கலை நிர்வாகத்துக்கு இவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பையன்களை வைத்துக் கம்பெனி, அதாவது பாய்ஸ் கம்பெனி, நடத்தும் யோசனை ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர்கள் நடித்த நாடகங்களில் ராஜபார்ட் என்ற நாயக வேடத்துக்கும் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்துக்கும் தனித்தனிப் புகழ், தனித்தனி ஒப்பந்தம். 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் ஒவ்வொரு நடிகரும் ஒவ்வொரு ஊரிலிருந்து அன்றைக்கு வந்து இறங்குவார், ஒத்திகை கிடையாது. மேடையில் ஒருவரை ஒருவர் பாட்டாலும் வாதத்தாலும் மடக்குவதே ஆட்டமாகிவிடும். ஒருவர் வராவிட்டால் கொட்டகைக்காரருக்கு நஷ்டம். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் இந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியபோது அவர் அதன் ஆசிரியர். ஆறு வயதுச் சண்முகமும் அவருடைய அண்ணன்மார் சங்கரனும் முத்துசாமியும் அதில்தான் சேர்ந்தார்கள். அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பேர் வாங்கிய நடிகர். சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகம் முழுவதும் அறிந்த செய்தி.

பையன்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், வாத்தியார் சொன்னபடி பாடம் செய்வார்கள், வேறு ஊரிலிருந்து தந்தி வந்தால் ஓடிவிட மாட்டார்கள். ஒரே குழு பத்துப் பதினைந்து நாடகங்களைக் கையில் வைத்துக்கொண்டு இரவுக்கு ஒன்றாக மாற்ற முடியும். நிர்வாகம் என்ற வகையில் பார்த்தால் இது பெரிய கண்டுபிடிப்பு. ஊர் முழுக்க ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்ட பிறகும் அதே ஊரில் வாரக்கணக்கில் தங்கி வசூல் செய்ய வழி கிடைத்தது.

ஒரு ஊருக்குக் கம்பெனி போகும் விதத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் காண்ட்ராக்டரோடு பேச்சு. கொட்டகை வாடகையா, வசூலில் பங்கா, அட்வான்ஸ் எவ்வளவு? நாடகம் போட அதிகாரிகளின் அனுமதி வேண்டும். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி அரசு நினைத்தால் நாடகத்தைத் தடுக்க முடிந்தது. அப்புறம் படுதாக்களையும் உடுப்புப் பெட்டிகளையும் ரயிலில் ஏற்ற வேண்டும், அதற்குக் கூலி. கம்பெனி வீடு பிடிக்க வேண்டும், சமையல்காரர் வேண்டும். மாட்டு வண்டியில் பேண்டு வாத்தியத்தோடு நோட்டீஸ் போக வேண்டும். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், விளக்குக்காரர், சீன் தள்ளுகிறவர். நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இரண்டு வேளையும் உலை வைத்தாக வேண்டும். செலவு அத்தனையும் நிலையானது. வரவோ மழையையும் அறுவடையையும் பக்கத்து ஊர்த் திருவிழாவையும் பார்த்து வந்தது. நாலு நாள் விடாமல் மழை பெய்தால் அடுத்த ஊருக்குப் போக ரயில் கூலி இருக்காது. உடுப்புகளை அடகு வைக்க வேண்டிய நிலையும் வரும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டபோது பாமோல் சொன்ன இடைவெளி அப்படியே வந்து நின்றது. அதை நிரப்பியவர்கள் பையன்கள்.

வறுமையில் இருந்த பெற்றோர் சில ஆண்டுகளுக்கு அக்ரிமெண்ட் எழுதிக் கொடுத்தார்கள். பையனுக்குச் சோறு, துணி, வித்தை. சம்பளம் என்று ஏதாவது இருந்தால் அது வீட்டுக்கு. மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வழியில்லாத தாய்க்கு இது ஒரு வாய்ப்பு. தந்தையை இழந்த எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்தது அப்படித்தான். இரவு முழுக்க நாடகம், பகலில் பாடம், தப்பினால் அடி. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும், குரல் உடையும். மேல் ஸ்தாயியில் பாடிக் கொட்டகையைக் கட்டிப்போட்ட பையன் ஒரு மாதத்துக்குள் பாட்டில்லாத வேஷத்துக்கு இறங்கிவிடுவான், அல்லது வீட்டுக்குப் போவான். அவனிடம் பள்ளிப் படிப்பு இருக்காது. தேய்மானம் என்று தணிக்கையில் ஒரு தலைப்பு உண்டு. படுதாவுக்கும் பெட்டிக்கும் அதை எழுதலாம். இந்தக் குழந்தைகளின் தொண்டைக்கு எந்தக் கம்பெனியும் எழுதியிருக்காது.

பெற்றோர் பணத்துக்காகப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933இல் இந்தியச் சட்டம் வந்தது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தியது. நியாயமான கூலி, பிள்ளைக்குக் கேடில்லாத வேலை, ஒரு வார முன்னறிவிப்பில் விலகும் உரிமை, இவை இருந்தால் மட்டும் ஒப்பந்தம் செல்லுபடியானது. வருஷக்கணக்கில் கட்டிப்போடும் அக்ரிமெண்ட்டை இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கம்பெனி எதன் மேல் நின்றது என்பது விளங்கும்.

சென்னையில் வேறொரு வழி இருந்தது. 1891இல் பதினெட்டு வயது சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னையில் நடத்திய நாடகங்களைப் பார்த்து எழுந்த ஆசை அது. நடிப்பவர்களே சந்தா கட்டினார்கள். அவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அங்கே வேஷம் கட்டியவர். முதலியாரே வக்கீலாக இருந்து பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியானார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். குறித்த நேரத்துக்குத் திரை தூக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கொழும்புக்குப் போய் நாடகம் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரைக் குருவாகக் கொண்டு மேடை வளர்த்தார். இந்த நிர்வாக ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இங்கே இடைவெளியை நிரப்பியது கோர்ட் வருமானம். அந்த வருமானம் இல்லாதவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் இந்தச் சபையில் காலம் தள்ள முடியாது.

சண்முகம் சகோதரர்கள் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் ஒரு பாதை தேடினார்கள். 1925இல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது சண்முகத்துக்குச் சுமார் பதின்மூன்று வயது. பையன்களாகக் கம்பெனிச் சோறு தின்றவர்கள் முதலாளிகளானார்கள். சம்பந்த முதலியாரின் நாடகங்களையும் மேடையேற்றினார்கள். என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, எஸ்.எஸ். ராஜேந்திரன் என்று அங்கே வளர்ந்தவர்களின் பட்டியல் நீளம். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்று மாநாடு கூட்டினார்கள்.

அதற்குள் சினிமா வந்துவிட்டது. 1931இல் 'காளிதாஸ்' என்ற பேசும் படம். கம்பெனிகள் சோறு போட்டு, வாத்தியார் வைத்து, பத்து வருஷம் பழக்கிய நடிகர்களை ஸ்டுடியோக்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. சிவாஜி கணேசனும் எம்.ஆர். ராதாவும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள். பயிற்சிச் செலவு ஒருவர் கணக்கில், பலன் இன்னொருவர் கணக்கில். இதற்காகக் கம்பெனிகளுக்கு ஒரு தொகை கிடைத்திருந்தால் அவற்றில் சிலவாவது பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது கலை மேலாண்மை மாணவர்களுக்கு நான் நிதிப் பாடம் எடுக்கிறேன். முதல் பயிற்சியாக ஒரு பாய்ஸ் கம்பெனியின் ஒரு மாதக் கணக்கைக் கற்பனையாக எழுதச் சொல்வேன்: நாற்பது பையன்கள், வாரம் மூன்று நாடகம், நடுவில் நாலு நாள் மழை. அரிசி, ரயில் கூலி, விளக்கு எல்லாம் சரியாக வந்துவிடும். கடைசியில் நிகர லாபத்தைக் காட்டுவார்கள். அப்போது இன்னொரு பத்தி சேர்க்கச் சொல்வேன்: பணம் வாங்காமல் யார் யார் என்ன கொடுத்தார்கள்? பையன்களின் தூக்கம், படிப்பு, குரல் என்று எழுத எழுத லாபம் என்று முதலில் காட்டியது மறைந்துபோகும்.

சென்னைச் சபாக்களின் டிசம்பர் இசை சீசனுக்கும் இதே பத்தியைப் போடச் சொல்கிறேன். மதிய நேரக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். பாடும் இளம்பெண்ணுக்குக் கிடைப்பது சிறு தொகை. பக்கவாத்தியத்துக்கு, காருக்கு, பட்டுப்புடவைக்கு அவள் வீடுதான் செலவழிக்கிறது. சபாவின் ஆண்டறிக்கையில் இந்தச் செலவு எங்கேயும் தெரியாது. மதியக் கச்சேரிகளுக்குக் கலைஞர்கள் தங்கள் கையிலிருந்து போட்டது எவ்வளவு என்று கேட்டு வாங்கி, அதை அறிக்கையில் தனித் தலைப்பாக அச்சிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த செயலாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு சிறிய சபா ஒப்புக்கொண்டிருக்கிறது. வரும் மார்கழியில் கேட்புப் படிவம் கொடுக்கப் போகிறோம்.