காட்சிப் பொருளறிதல்

கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு ‘இது இன்ன பொருள்’ என்று மூளை தீர்மானிக்கும் செயல். தொலைவும் கோணமும் வெளிச்சமும் மாற மாற விழித்திரைப் படிமமும் மாறுகிறது. ஆனாலும் பொருள் ஒன்றே என்று கணத்தில் அறிந்துவிடுகிறோம்.

இத்திறன் தொழிலாகவே வளர்ந்த இடங்களுள் ஒன்று தூத்துக்குடி முத்துக்கரை. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துகளை முதலில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். துளைகளின் எண்ணிக்கை 20இல் தொடங்கி 1000 வரை போகும்; எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுவே முத்தின் அளவு. அத்தோடு கருவியின் வேலை முடிந்தது. மீதி கண்ணின் பொறுப்பு. உருட்சி, ஒளி இரண்டிலும் குறையற்றது ஆணிமுத்து. ஏதேனும் ஒன்றில் சற்றே குறைந்தால் அடுத்த தரம், இரண்டிலும் குறைந்தால் அதற்கும் கீழ். இப்படியே கழிப்பு, தூள் என்று தரம் இறங்கும். உருட்சியையும் ஒளியையும் இரண்டு தனி அளவுகோல்களாகப் பிரித்துப் பார்த்த இந்த நுட்பம் உரிய கவனத்தைப் பெறவில்லை. மூளையியல் இதே பிரிவினையை வெகு காலம் கழித்தே கண்டது.

1890இல் ஜெர்மானிய மருத்துவர் லிசாவர், பார்வை இருந்தும் பொருள்களை அடையாளம் காண முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மறு ஆண்டு பிராய்ட் இந்நிலைக்கு ‘அக்னோசியா’ என்று பெயரிட்டார். குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கு மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைப் பூனையின் மூளையில் கண்டறிந்து 1959இல் வெளியிட்ட ஹியூபெல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கை வடிவத்துக்குத் துடிக்கும் அணுக்கள் குரங்கின் மூளையில் இருப்பதை 1972இல் சார்லஸ் கிராஸ் குழு விவரித்தது.

முத்துக்கு மிக நெருங்கிய சான்று, குட்டேல், மில்னர் ஆகியோர் 1991 முதல் விவரித்த ‘டி.எஃப்.’ என்ற பெண்மணி. கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்டவர். வட்டமா சதுரமா என்று அவரால் சொல்ல முடியாது. நிறத்தையும் மேற்பரப்பையும் பார்த்து, இது உலோகம், இது மரம் என்று சொல்வார். வடிவத்தை அறிந்தும் மேற்பரப்பை அறிய முடியாத நோயாளியும் பின்னர் ஆராயப்பட்டார். மூளையில் இவ்விரண்டும் பெருமளவு வெவ்வேறு பகுதிகளின் வேலை என்பது தெளிவாயிற்று.

பழக்கமும் மூளையில் தடம் பதிக்கிறது. பறவைகளிலும் கார்களிலும் தேர்ந்தவர்கள் தத்தம் துறைப் பொருளைப் பார்க்கையில், முகங்களை அறியும் மூளைப்பகுதி கூடுதலாக இயங்குவதை இசபெல் காத்தியர் குழு 2000இல் காட்டியது. அப்பகுதி முகங்களுக்கே உரியதா, தேர்ச்சிக்கு உரியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் அங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கியது. முத்தைக் கண்ணால் தரம்பிரிக்கும் தேர்ச்சி எங்கெல்லாம் எஞ்சியிருக்கிறதோ, அங்கெல்லாம் நம் மூளையியலாளர்கள் அதை நேரில் ஆராய வேண்டும்.