பந்தும் பைன் மரமும்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மறிப்பவர்களை முட்டித் தள்ளி ஓடுகிற முரட்டு ஆட்டம். இன்று அங்கே கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கோடிக்கணக்கில். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கி வைத்தவரோ ஒரு ரசாயன வாத்தியார். பெயர் சார்லஸ் ஹெர்ட்டி.

1867-ல் பிறந்தவர். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஏதென்ஸ் நகருக்கு வந்து, பாடம் நடத்தியதோடு ஓர் அணியையும் திரட்டினார். 1892 ஜனவரி 30-ல் முதல் ஆட்டம். மெர்சர் கல்லூரியை 50-0 என்று தோற்கடித்தார்கள். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 20-ல், அட்லாண்டாவில் ஆபர்ன் அணியோடு மோதல். அந்த அணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் பெட்ரி சரித்திரப் பேராசிரியர். அவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்தவர்தான்! சரித்திரம் ரசாயனத்தை 10-0 என்று வென்றது. அந்த இரண்டு அணிகளின் போட்டி இன்றும் தொடர்கிறது.

வாத்தியார்கள் ஆசையாக வைத்த செடியில் முள்ளும் இருந்தது. 1897 அக்டோபரில் வர்ஜீனியா அணியோடு ஆடியபோது வான் கேமன் என்ற ஜார்ஜியா மாணவர் தலையில் அடிபட்டு, மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். மாநிலச் சட்டமன்றம் கொதித்தெழுந்து, ஆட்டத்தையே தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது குறுக்கே வந்தது பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ரோசலிண்ட் எழுதிய கடிதம். தன் மகன் உயிராக நேசித்த ஆட்டத்தை அவன் சாவைக் காட்டி ஒழித்துவிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆட்டம் பிழைத்தது. அந்த அம்மாள் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துக்கத்திலும் அப்படி எழுத ஒரு மனம் இருந்ததே என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

ஹெர்ட்டியின் பெரிய வேலை மைதானத்துக்கு வெளியே நடந்தது. டர்பன்டைன் எடுப்பதற்காகப் பைன் மரத்தின் அடியில் ஆழமாகக் குழி வெட்டிப் பிசினைச் சேர்ப்பது அன்றைய வழக்கம். குழி விழுந்த மரம் காற்றுக்கும் தீக்கும் தாங்காது. காடு காடாக அழிந்தது. ஹெர்ட்டி மேலாகக் கீறி, தகடு வழியாகப் பிசினை வடியவிட்டு, ஆணியில் தொங்கும் மண் கிண்ணத்தில் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1903-ல் காப்புரிமையும் கிடைத்தது. மரமும் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது.

முதுமையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. தென்னாட்டுப் பைனில் பிசின் அதிகம், பத்திரிகைக் காகிதத்துக்கு உதவாது என்று எல்லோரும் சொன்னார்கள். இளம் மரத்தில் பிசின் குறைவுதான் என்று சவான்னா நகரில் ஆய்வுக்கூடம் வைத்து நிரூபித்தார். 1933-ல் ஜார்ஜியாப் பத்திரிகைகள் அந்தக் காகிதத்தில் அச்சாகின. 1938-ல் அவர் காலமானார். அந்தக் காகிதத்துக்கான முதல் ஆலை 1940-ல் டெக்சாஸில் ஓடத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை.

ஏதென்ஸில் அவர் பிள்ளைகளை ஆடவைத்த மைதானம் இடையில் கார் நிறுத்துமிடமாகிப் போய், இப்போது மறுபடியும் புல்வெளியாகியிருக்கிறது. அதற்கு இன்றைக்கும் பெயர் ஹெர்ட்டி மைதானம்தான்.