மூடுபயிரும் மண்வாழ் உயிரும்: மலாயா இரப்பர்த் தோட்ட வரலாற்றில் ஒரு கூறு

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதினோர் கப்பலையும் கங்காணியையும் பால்வெட்டையும் பற்றி விரிவாகக் கூறியுள்ளனர். களைவெட்டைப் பற்றி அவர்கள் கூறுவது குறைவு. ஆயின் தோட்ட மண்ணின் வரலாறு களைவெட்டிலேயே தொடங்குகின்றது. எனவே ஈண்டு அதனையே யாம் எடுத்துக்கொள்கின்றோம்.

1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து மரம் நட்ட துரைமார், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் நில்லாதவாறு நிலத்தைத் துடைத்து வைத்தலே நல்வேளாண்மை எனக் கருதினர். லாலாங் என்னும் புல் வேரோடிப் பரவிவிடும் என்ற அச்சம் அதற்கொரு காரணம், அவ்வச்சம் பொய்யன்று. அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் தமிழர். அவருட் பெண்டிரும் சிறுவரும் பலர். ஆண்டிற்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் சரிவுகளில் வெற்று மண் நிற்குமா? மேல்மண் ஆற்றில் இறங்கிற்று. கூலி கொடுத்து மண்ணை இழந்த கதை இது.

இது தவறென உணர்ந்தபின், 1920களிலும் 1930களிலும் பயற்றினக் கொடிகளை நிலத்திற் படரவிடும் வழக்கம் பரவிற்று. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா இரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதனை ஆராய்ந்தது. சென்ட்ரோசீமா, கலப்பகோனியம், பியூரேரியா என்பன அக்கொடிகளுட் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றித் தருகின்றன என்பதை 1886இலேயே ஹெல்ரீகல் என்னும் செருமானிய அறிஞர் காட்டியிருந்தார்.

ஆயினும் நைட்ரசன் ஒன்றே பயன் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கொடி போர்த்த மண் குளிர்ந்து ஈரம் காக்கும். உதிர்ந்த இலை உணவாகும். மண்புழுவும் மரவட்டையும் கறையானும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாச் சிற்றுயிர்களும் அவ்விலையைச் சிதைத்து மண்ணொடு கலக்கின்றன. அவை குடைந்த வளைகளின் வழியே மழைநீர் உள்ளே இறங்குகின்றது. மேலே ஓடி மண்ணை அரிப்பது குறைகின்றது. வெயிலிற் காய்ந்த வெற்று மண்ணில் இவற்றுக்கு உணவுமில்லை, உறையுளுமில்லை. மண்புழு மண்ணை ஆக்கும் திறத்தை டார்வின் 1881இல் ஒரு நூலாகவே எழுதினார். நம் இலக்கியமும் நாங்கூழை அறியும். ஆனால் திருவாசகத்தில் அஃது எறும்புகளிடை அகப்பட்டு வருந்தும் உயிராக வருகின்றதேயன்றி, உழும் உயிராக வரவில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இரப்பர்த் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்பெறும் போன்டோஸ்கோலெக்ஸ் என்னும் மண்புழு, அம்மரத்தைப் போன்றே தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பிரேசிலின் மனௌசு நகரை அடுத்துக் காடழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில், பிற மண்ணுயிர்கள் குன்ற, இப்புழு மட்டும் பெருகி மண்ணை இறுகச் செய்தது என 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. புழுக்களை எண்ணி மண்ணின் நலத்தை அளப்போர் இதனை மறத்தலாகாது. பலவகை உயிரும் கலந்து வாழ்தலே வேண்டப்படுவது.

மூடுபயிர் வந்தபின்னும் களையெடுப்பு ஒழியவில்லை. மரநிரையை ஒட்டிய நிலம் வெறுமையாகவே வைக்கப்பெற்றது. மரங்கள் தழைத்து நிழல் கவிய, ஐந்தாறு ஆண்டுகளிற் கொடிகளும் மெலிந்தன. 1960களுக்குப் பின் மண்வெட்டியின் இடத்தைக் களைக்கொல்லித் தெளிப்பான் பிடித்தது. அதனை முதுகிற் சுமந்தோருட் பலர் தமிழ்ப் பெண்டிர். அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்றாகிய பாராகுவாட் என்னும் நஞ்சை மலேசியா முற்றாகத் தடைசெய்தது 2020இல்.